தும்பையின் இடது காது

12.3.2007, திங்கள்

சிவசங்கரி, என் மகன் தர்மராஜின் பெண். அண்ணாமலை யுனிவர்சிட்டியில் பி.இ., முதல் வகுப்பு. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கம்பெனி வண்டியே வாசலுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. ஆனந்தராஜ், அவள் தம்பி. உள்ளூரிலேயே செராமிக், அதாவது பீங்கான் தொழில், டிப்ளமோ படித்தான். இன்றைக்குக் குஜராத்தில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் சூளைக்கே அவன்தான் சூப்பர்வைசர். பழமலைநாதன், என் மகள் வயிற்றுப் பேரன். பத்தாவதில் நானூற்று எழுபத்தொன்று, ஸ்கூலில் இரண்டாவது. முதலாவது வந்தது டீச்சர் மகள். அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

இந்த வீட்டைப் பற்றி ஒரு குறை சொல்ல எவளுக்கும் வாய் கிடையாது. நான் படித்தது ஐந்தாவதுதான். ஆனால் அந்தக் காலத்து ஐந்தாவது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்? காலையில் குழாயடியில் பின்வீட்டுப் பாஞ்சாலை நாலு பேர் எதிரில் கேட்டாள்: "எக்கா, ஒங்க வூட்டுப் பூனைக்குக் காதுல சொறி புடிச்சிருக்குது, பாத்தீங்களா?"

சொறியாம். என் வீட்டிலாம். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, மேலே எழுதியதை அப்படியே வரிசையாகச் சொன்னேன். கடைசியில் அவள், "நான் பூனையப் பத்தித்தான கேட்டேன்?" என்றாள். நாலு பேரும் சிரித்தார்கள்.

தும்பைக்குச் சொறி கிடையாது. உச்சி முதல் வால் வரை வெள்ளை, ஒரு புள்ளி கிடையாது. சிவசங்கரி சிதம்பரத்தில் படித்தபோது சேத்தியாத்தோப்பில் பஸ் நின்ற இடத்தில் கண்டெடுத்து, டிபன் பையில் போட்டுக் கொண்டுவந்த குட்டி. நாலு வயது ஆகிறது. வேலைக்குப் போகும்போது, "ஆயா, ஒன்ன நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன்" என்று சொன்னாள்.

காதில் இருப்பது மண். பாஞ்சாலை பீங்கான் மண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றிப் பொம்மை எடுக்கிறவள். அவள் ஷெட்டும் எங்கள் வீடும் ஒரே மதில். அங்கே எதைத் தொட்டாலும் வெள்ளை. தும்பை அந்தப் பக்கம் போய்விட்டு வரும்போது காது ஓரத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு காய்ந்திருக்கிறது. நகத்தால் உரித்துப் போட்டேன். தன் மண்ணை என் பூனை மேல் அப்பிவிட்டு, அதற்குச் சொறி என்று பெயரும் வைக்கிறாள்.

16.3.2007, வெள்ளி

இன்றும் இடது காது ஓரத்தில் மண். உரித்தேன். கொஞ்சம் ரத்தம். கூழில் என்ன எழவைக் கலக்கிறாளோ.

2.4.2007, திங்கள்

இரண்டு நாளைக்கு ஒரு தரம் உரிக்கிறேன். உரித்த இடம் சிவப்பாக இருக்கிறது. வலது காது சுத்தம். இடதுதான்.

மருமகள் துர்கா, "அத்த, வேப்பெண்ண தடவுங்க, எல்லாம் போயிடும்" என்றாள். தடவினேன். தும்பை காதைக் காலால் துடைத்து, காலை நக்கி, வாயெல்லாம் நுரை. மூன்று தரம் வாந்தி. சாயங்காலம் வரைக்கும் பீரோவுக்கு அடியில்.

"நீதான சொன்ன" என்றேன். "பூன நக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்கிறாள். சொல்வது இவள், தெரிந்திருக்க வேண்டியது நானாம். இவள் அம்மா வளர்த்த லட்சணம்.

19.4.2007, வியாழன்

காது நுனி வெந்த மாதிரி இருக்கிறது. தோல் இல்லை. நீர் கசிகிறது. ஓரம் சுருண்டிருக்கிறது. தொட்டால் கடிக்க வருகிறாள். நாலு வருஷத்தில் என்னைக் கடிக்க வந்தது கிடையாது.

இது மண் இல்லை. இது வெந்நீர்.

எனக்குத் தெரியும். போன வாரம்தான் மதிலுக்கு அந்தப் பக்கம் கத்தினாள்: "இன்னொரு தரம் பொம்ம மேல நடந்தா சுடுதண்ணிய எடுத்து ஊத்திடுவேன், பாத்துக்க!" பூனையிடம்தான் சொன்னாள். எனக்குக் கேட்கத்தான் சொன்னாள்.

செய்துவிட்டாள். வாயில்லாத ஜீவன் தலையில் ஊற்ற எந்தக் கை வரும்? நீ நல்லா இருப்பியாடி.

20.4.2007, வெள்ளி

எழுதிவைக்கிறேன், பின்னால் எவரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

காலை எட்டு மணி. பாஞ்சாலை மதில் ஓரமாகப் பலகை போட்டு காசு போடுகிற முயல் உண்டியல்களைக் காயவைத்திருந்தாள். சூளையில் வைக்காத பச்சை முயல். நாலு பலகை நிறைய. அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் மாவாட்ட உட்காரும் முக்காலியைப் போட்டு மதிலில் ஏறி, ஒரு வாளித் தண்ணீரை முழுசாக ஊற்றினேன். இறங்கி, இன்னொரு வாளி மொண்டு வந்து அதையும் ஊற்றினேன்.

சுடாத மண் ஆயிற்றே. காதுகள்தான் முதலில் விழுந்தன. அப்புறம் மூஞ்சி. எனக்குத் திருப்தியாக இருந்தது.

அவள் வந்து பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் தெருவே வந்துவிட்டது.

"ஏ கெழவி! ரெண்டு வாரத்து வேலடி! எம் முயலுங்க ஒன்ன என்னாடி பண்ணுச்சி?"

"எம் பூன ஒன்ன என்னாடி பண்ணுச்சி? காத வேவ வெச்சிட்டியே!"

"நான் எங்க ஒம் பூனையத் தொட்டேன்? அது தெனம் எங்க ஷெட்டுலதான் படுத்துக் கெடக்குது. மீன் வாங்குனா தலைய அதுக்குத்தான் போடுறேன். கேட்டுப் பாரு!"

"யாரக் கேக்கறது, பூனையவா?"

"பின்ன? ஒன்னக் கேட்டா பேரன் மார்க்குதான வரும்!"

மறுபடி சிரித்தார்கள். நான் உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டேன்.

மீன் தலை போடுகிறாளாம். அதுதான் ராத்திரி என் சோற்றை மோந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

21.4.2007, சனி

தர்மராஜ் ரயில்வே டூட்டி முடிந்து வந்து எல்லாம் கேள்விப்பட்டான். "எம்மா, நீ என்னா சின்னப் புள்ளயா?" என்றான். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போய், நஷ்டத்துக்கு ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறான். திரும்பி வந்து சொன்னான்: "காசு வேணாம், முயலு வேணும்ங்கறாங்க. நாளான்னிக்கு லாரி வருதாம். இப்ப வெறும் லாரியத்தான் அனுப்பணும்."

முயலுக்கு நான் எங்கே போவேன்?

செய்தவள் அவள். பேச்சு வாங்குவது நான்.

28.4.2007, சனி

தும்பை மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கட்டைப் பையில் போட்டு, தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி முடிச்சுப் போட்டு, மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் ஏழு மாடு, ஒரு கிடா. "பூனைக்கெல்லாம் வைத்தியமா?" என்று ஒருத்தன் கேட்டான். "ஒன்ன மாதிரி ஆளுக்கே பாக்கறாங்களே" என்றேன்.

டாக்டர் பெயர் மாணிக்கவேல். சின்ன வயசு. பேரன் மாதிரி இருக்கிறார், ஆனால் என் பேரன்கள் மாதிரி லட்சணம் இல்லை.

"வெந்நி ஊத்திட்டாங்க" என்றேன்.

அவர் காதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு தலை, கழுத்து, முதுகு எல்லாம் ரோமத்தை விலக்கிப் பார்த்தார். "வெந்நி ஊத்தினா காது ஓரத்துல மட்டும் எப்படிம்மா படும்? தலையில, முதுகுல எங்கயாவது வழிஞ்சிருக்கணும்ல. ஒரு முடி உதிரல." அப்புறம் கேட்டார்: "வெயில்ல படுக்குமா?"

"பூன வெயில்ல படுக்காம?"

"முழு வெள்ளைப் பூனைக்குக் காது ஓரத்துல முடி கம்மி, தோலு ரோஸா இருக்கும். வருஷக்கணக்கா வெயில் பட்டா இப்படித்தான் புண்ணாவும். மொதல்ல வெள்ளையா பொருக்கு கட்டும். பாத்தீங்களா?"

"அது மண்ணு. பின்வூட்டுப் பொம்ம மண்ணு. நான்தான் உரிச்சிப் போடுவேன்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "எத்தன நாளா உரிக்கறீங்க?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"அது மண்ணு இல்லம்மா. அதோட தோலு."

இந்த ஊரில் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தால் மண் என்றுதான் எவரும் சொல்வார்கள். என் மகன் சட்டையில் ஒட்டினாலும் அதுதான், மருமகள் கொலுசில் ஒட்டினாலும் அதுதான். அவர் வெளியூர்க்காரர், அவருக்கு எப்படித் தெரியும்? அதைத்தான் சொன்னேன். "சரிங்கம்மா" என்றுவிட்டுச் சீட்டு எழுதினார்.

சொன்னது: உரிக்கக் கூடாது. காலை பத்து முதல் நாலு வரை வெளியே விடக் கூடாது. களிம்பு, அது நக்காத மாதிரி கழுத்தில் அட்டை வளையம். மூன்று நாளைக்கு ஒரு தரம் அளவு பார்த்து எழுதிவைக்க வேண்டும். மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால் அது வெறும் புண் இல்லை.

"வெறும் புண்ணு இல்லன்னா?"

"கட்டியா இருக்கலாம். கெட்ட கட்டி. விட்டா உள்ள போயிடும், பூன தங்காது." அப்புறம், "பழைய போட்டோ இருந்தா எடுத்துப் பாருங்க. தெனம் பாக்கற கண்ணுக்கு வளர்றது தெரியாது" என்றார்.

என் கண்ணுக்குத் தெரியாதாம். மாடு பார்க்கிறவருக்குப் பூனையைப் பற்றி என்ன தெரியும்.

29.4.2007, ஞாயிறு

சிவசங்கரி போனில் கேட்டாள், தும்பை எப்படி இருக்கிறாள் என்று. "நல்லா இருக்கா, சாப்டுட்டுத் தூங்கறா" என்றேன்.

1.5.2007, செவ்வாய்

அளவு எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். எனக்கு ஸ்கேல் ஒத்துவராது. காதுக்குப் பக்கத்தில் பருப்பை வைத்துப் பார்த்தால் சரியாகத் தெரிகிறது. புண் நடுவில் கெட்டியாக இருப்பது — உளுந்து அளவு. நிறம் சிவப்பு.

கதவைச் சாத்தி வைத்ததில் நாள் முழுக்கக் கத்தினாள். துர்காவின் கல்யாணப் புடவையில் நகத்தை இழுத்துவிட்டாள். துர்கா என்னைப் பார்த்தாள். நானா கிழித்தேன்?

4.5.2007, வெள்ளி

உளுந்துதான். கொஞ்சம் பெரிய உளுந்து.

6.5.2007, ஞாயிறு

துவரம்பருப்பு.

டாக்டர் சொன்னது பொய் என்று காட்டத்தான் போட்டோவை எடுத்தேன். டி.வி. மேல் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறதே, சிவசங்கரி பொங்கலுக்கு எடுத்தது. நான் நாற்காலியில், புதுப் புடவையில். மடியில் தும்பை. இருபது தரம் துடைத்திருப்பேன் அந்தக் கண்ணாடியை. வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

சட்டத்திலிருந்து கழற்றி, வாசல் வெளிச்சத்தில் வைத்து, தர்மராஜ் கெசட் படிக்கிற பூதக்கண்ணாடியில் பார்த்தேன்.

இடது காது ஓரம் சிவப்பு. நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு.

போட்டோ மூலையில் ஆரஞ்சு எழுத்தில் தேதி விழுந்திருக்கிறது. 15.1.07.

வெந்நீர் ஊற்றினாள் என்று நான் சொன்னது ஏப்ரல். பொங்கலன்றைக்கு யார் ஊற்றினார்கள்? பொங்கலன்றைக்குப் பாஞ்சாலை மதில் வழியாக ரெண்டு கரும்பு கொடுத்தாள். நான் வாங்கி வைத்துக்கொண்டு, அவள் வீட்டுக் கரும்பு மெலிசு என்று துர்காவிடம் சொன்னேன்.

போட்டோவில் என் கை அந்தக் காதுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு விரல் தூரம். நான் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்படியானால் இத்தனை நாள் நான் எதை உரித்தேன்? யார் தோலை?

அது போகட்டும். அவள் சொன்னது சரி என்று ஆகிவிட்டது. குழாயடியில், நாலு பேர் எதிரில். தப்பு என் மேல் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சரி அவள் பக்கம் என்றால் எப்படிப் பொறுப்பது?

9.5.2007, புதன்

துவரை. அவள் ஷெட் வாசல் வரை போனேன். திரும்பிவிட்டேன். செருப்பு அறுந்துவிட்டது என்று துர்காவிடம் சொன்னேன். அறுந்திருக்கவில்லை.

14.5.2007, திங்கள்

போனேன்.

பாஞ்சாலை தரையில் உட்கார்ந்து முயலுக்குப் பிசிறு எடுத்துக்கொண்டிருந்தாள். அச்சின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் ஒரு கோடு வரும். அதைக் கத்தியால் சுரண்டி ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். பழைய லாரிக்குப் போக வேண்டியது, அடுத்த லாரிக்குத் திரும்பவும் முதலிலிருந்து செய்கிறாள்.

நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா?"

"ஒன்னுமில்ல."

"வாளி கொண்டாரல?"

எதிரே உட்கார்ந்தேன். கையிலிருந்த முயலை முடித்து வைத்துவிட்டு, "கத்தி அங்க இருக்குது. காத ஒடச்ச, அவ்ளோதான்" என்றாள்.

எடுத்துச் சுரண்டினேன். அவள் நாலு முடிப்பதற்குள் எனக்கு ஒன்று. முயலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "பொங்கலு போட்டோவ எடுத்துப் பாத்தேன்."

"அதுக்கு?"

"அப்பவே இருந்திருக்குது. காதுல."

"பொங்கலா? கார்த்திகையிலயே இருந்துச்சி. வெளக்கு வெக்கறப்ப பாத்தேன்."

"ஏண்டி அப்பவே சொல்லல?"

"சொல்லலயா? ரெண்டு தரம் மதில்ட்ட வந்து 'எக்கா, பூனைக்குக் காது செவந்திருக்குது'ன்னேன். 'அது ஜாதி பூன, அதுக்குக் காது அப்படித்தான்'ன ஒரு தரம். இன்னொரு தரம் ஆனந்தராஜுக்குச் சம்பளம் ஏத்துன கதைய சொன்ன. அதான் குழாயடில சொன்னேன். நாலு பேரு எதுர்ல சொன்னாவாவது ரோஷம் வரும்னு பாத்தேன்."

ரோஷம் வந்தது. பூனைக்காக வரவில்லை.

மன்னித்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. பதினோரு முயல் முடித்தேன். இரண்டு காது உடைந்தது. "ஒனக்கும் காதுக்கும் என்னாக்கா பகை?" என்று கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். பன்னிரண்டாவது முயலை எடுத்தேன்.

19.5.2007, சனி

மூன்று வாரம் ஆகிவிட்டது. மொச்சை அளவு.

டாக்டர் இந்த நோட்டைக் கேட்டு வாங்கினார். அளவு எழுதின பக்கத்தை மட்டும் மடக்கிக் காட்டினேன், மற்றதை விரலால் மறைத்துக்கொண்டேன். உளுந்து, துவரை, மொச்சை என்று படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. "சரியா எழுதியிருக்கீங்கம்மா. இது போதும். இது வெறும் புண்ணு இல்ல" என்றார். காதை அடியோடு எடுக்க வேண்டுமாம். இங்கே வசதி இல்லை, பாண்டிச்சேரி கால்நடைக் கல்லூரிக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார். தள்ளிப்போட்டால் கழுத்தில் நெறிகட்டி அங்கேயும் பரவிவிடும், அப்புறம் அறுத்தும் பிரயோஜனம் இல்லை.

"காது இல்லாம எப்படிங்க?"

"காது கேக்கும்மா. மடல்தான் இருக்காது."

முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என் வீட்டில் காதறுந்த பூனையா? தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று பார்க்கவா? சிவசங்கரி வந்து பார்த்தால்? தும்பைப் பூ மாதிரி கொடுத்துவிட்டுப் போனாளே.

20.5.2007, ஞாயிறு

முயலுக்குப் பிசிறு எடுக்கும்போது பாஞ்சாலையிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேனோ. வாய் சும்மா இருக்கவில்லை.

"காது போனா மூளியாயிடும்" என்றேன்.

"போனா? அது என்னா கம்மலா போடப் போவுது?"

"ஒனக்கென்ன, ஊரு சிரிக்கும்."

"ஊரு ஏற்கனவே சிரிச்சாச்சிக்கா. மதில் மேல வாளியோட ஏறுனப்பவே." கத்தியைக் கீழே வைத்தாள். "செத்தப்பறம் ரெண்டு காதோட பொதச்சி, என்னா அழகு பாக்கப் போற?"

எவளிடமும் இப்படிப் பேச்சு வாங்கினது கிடையாது. எழுந்து வந்துவிட்டேன். வாசலில் நின்று, எந்தப் பஸ் என்று கேட்டேன். புதன்கிழமை ஆறரை மணி பஸ், பாண்டிக் கடைக்குப் பொம்மை கொண்டுபோகிறேன், வருவதென்றால் வா என்றாள்.

23.5.2007, புதன்

தர்மராஜுக்கு டூட்டி. நானும் அவளும்தான். அவள் மடியில் வைக்கோல் சுற்றின பொம்மைப் பெட்டி, என் மடியில் தும்பை. ஜன்னல் சீட்டில் நீ உட்கார் என்று அவளும், தும்பை மேல் வெயில் படும் வேண்டாம் என்று நானும் முறைத்துக்கொண்டோம். கடைசியில் வெயில் படுகிற பக்கம் அவள் உட்கார்ந்தாள்.

கண்டக்டர் வந்தான். "ஆயா, பையில இன்னா?"

"பூன."

"பூனையெல்லாம் ஏத்தக் கூடாது. எறங்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் பாஞ்சாலை எழுந்துவிட்டாள். "ஆப்ரேசனுக்குப் போவுதுய்யா. ஒனக்குக் காது அறுந்தா நீ நடந்தா போவ?" பஸ் முழுக்கச் சிரித்தது. இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை.

ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட ஒரு பாரம் கொடுத்தார்கள். "கைநாட்டா பாட்டி?" என்று கேட்டாள் அதைக் கொடுத்த பெண். பேனாவைப் பிடுங்கி எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தேன். மயக்க மருந்தில் பிராணியின் உயிருக்கு ஆபத்து ஏற்பட்டால் அதற்கு ஆஸ்பத்திரி பொறுப்பு இல்லை என்று இருந்தது. கை நின்றுவிட்டது. படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் கைநாட்டு வைத்துவிட்டுப் போயிருப்பேன்.

"போடுக்கா" என்றாள் பாஞ்சாலை. "நீ யோசிக்கற நேரத்துலயும் அது வளர்ந்துகிட்டுதான் இருக்குது."

கொளஞ்சியம்மாள் என்று போட்டேன். 'ம்' எழுத்து கோணிக்கொண்டுவிட்டது.

உள்ளே கொண்டுபோய் ஒன்றரை மணி நேரம். அவள் கடைக்குப் பொம்மை கொடுக்கப் போக வேண்டும். போகவில்லை. நான் போகச் சொன்னேன். "ஒன்ன வுட்டுட்டுப் போனா டாக்டரு மேல தண்ணி ஊத்துவ" என்றாள்.

நான் என் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சின்னக் கத்தி மாதிரி வளர்த்து வைத்திருக்கிறேன், வெங்காயம் உரிக்க. ஆஸ்பத்திரி வாசல் கடைக்காரனிடம் பிளேடு வாங்கிக்கொண்டு வந்து பத்து விரலிலும் வெட்டினேன். அவள் பார்த்தாள்.

24.5.2007, வியாழன்

நேற்று ராத்திரியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். விடியற்காலையில்தான் தும்பை முழுசாகக் கண் திறந்தாள். என்னைப் பார்த்துச் சீறினாள். சீறட்டும்.

2.6.2007, சனி

தையல் காய்ந்திருக்கிறது. கசிவு இல்லை. சாப்பிடுகிறாள். துர்கா அவளுக்குப் பால் ஊற்றினதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி வந்துவிட்டேன், இல்லையென்றால் அதற்கும் ஒரு பேச்சு வரும்.

12.6.2007, செவ்வாய்

அறுத்த காதுக்குப் பாண்டியிலிருந்து சோதனை முடிவு வந்துவிட்டது என்று டாக்டர் மாணிக்கவேல் கூப்பிட்டு அனுப்பினார். அது புற்றுதான். வெட்டின ஓரம் சுத்தமாக இருக்கிறது, அடியில் ஒன்றும் பரவவில்லை. இன்னும் ஒரு மாதம் தள்ளியிருந்தால் என்று ஆரம்பித்தார். "தள்ளலயே" என்று சொல்லி நிறுத்திவிட்டேன்.

வலது காதையும் மூக்கையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆயுசுக்கும். அதே வெயில், அதே தோல்.

8.7.2007, ஞாயிறு

சிவசங்கரி நேற்று வந்தாள். பையைக் கூட இறக்கவில்லை. "ஆயா, காது எங்க?"

"அறுத்தாச்சி."

"போன்ல நல்லா இருக்கான்னு சொன்ன?"

"இப்ப நல்லாத்தான் இருக்கா. பாரு."

அழுதாள். தும்பை அவள் மடியில் ஏறிக்கொண்டு ஒற்றைக் காதை அவள் முழங்கையில் தேய்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "யாரு மொதல்ல பாத்தது?" என்று கேட்டாள். துர்கா இருந்தாள், தர்மராஜ் இருந்தான், எதிர்வீட்டு ஆதிநாராயணன் மனைவியும் தயிர் வாங்க வந்து நின்றாள்.

நான் என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

"பின்வூட்டுப் பாஞ்சாலை. கார்த்திகையிலயே பாத்துட்டா. நான்தான் கேக்கல" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன். சோறு குழைந்திருந்தது.

15.7.2007, ஞாயிறு

பாஞ்சாலையோடு காலையில் சண்டை. வலது காது ஓரத்தில் கடுகளவு சிவப்பு இருக்கிறது என்கிறேன். இல்லை, அது கொசுக்கடி என்கிறாள். உனக்கு என்னடி தெரியும் என்றேன். எனக்குத் தெரியாதா, யார் முதலில் பார்த்தது என்றாள். அதை இனி ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். ஷெட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். தும்பையை உள்ளே விட்டுவிட்டுத்தான் சாத்தினாள், வெயில் ஏறிவிட்டது என்று.

சிவசங்கரிக்குக் கடிதம் எழுதி முடித்தேன். அதில் எழுதினதையே இங்கும் எழுதி வைக்கிறேன், மறந்து போகாமல் இருக்க.

போன வாரம் நீ எடுத்த போட்டோ எல்லாம் நன்றாக இருக்கும், ஆனால் அதில் என் மூஞ்சியும் உன் மூஞ்சியும்தான் பெரிதாக இருக்கும். அது எனக்கு வேண்டாம். நீ கிளம்பும்போது கட்டிலில் படுக்க வைத்து வலது காதை மட்டும் கிட்டக் கொண்டுபோய் ஒன்று எடுத்தாயே, அதைப் பெரிய அளவில் போட்டுத் தபாலில் அனுப்பு. மூலையில் தேதி தெரிய வேண்டும். மடங்காமல் அட்டை வைத்து அனுப்பு. இரண்டு காப்பி. ஒன்று பாஞ்சாலை ஷெட்டில் ஒட்டிக்கொள்வதற்கு.